கல்லோடு பழகுகிறவர்

பழங்காலப் போர்வீரர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று யார் சொன்னது? காப்பீட்டு அலுவலகங்களில் கோப்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறார்களே, நீங்கள் பார்த்ததில்லையா? யாராவது இடுப்பு வலி என்று வாய் தவறிச் சொன்னால் போச்சு. "அந்தக் காலத்துல வாள் பிடிச்சவனுக்கு இடுப்பு வலி வந்துச்சா சார்?" என்று ஆரம்பித்தால் சாப்பாட்டு நேரம் முடியும்வரை விடமாட்டார்கள்.

எங்கள் அலுவலகத்து வீரர் ஒரு குமாஸ்தா. இரண்டு மாதம் செல்போனில் உடற்பயிற்சி வீடியோ பார்த்தார். கர்லாக்கட்டை வாங்கினார், இடுப்புக்குத் தோல்பட்டை வாங்கினார், கடைசியில் ஆற்றங்கரையிலிருந்து இருபத்தைந்து கிலோ உருண்டைக்கல் ஒன்றை வண்டி பிடித்துக் கொண்டுவந்தார். அது மூன்று மாடி ஏறி அவர் வீட்டுக் கூடத்துக்கு எப்படி வந்தது என்று கேட்க அப்போது எனக்குத் தோன்றவில்லை.

தினமும் விடிந்ததும் கல்லுக்கு எதிரே குந்துவார், மூச்சை இழுப்பார், முறைப்பார், ஒரு கர்ஜனை விடுவார், பிறகு குளிக்கப் போய்விடுவார். கேட்டால், "முதல்ல கல்லோட பழகணும்" என்பார்.

அவர் மனைவி சமையலறையிலிருந்து கூப்பிடுவார். "ஏங்க, தண்ணி கேன் கீழேயே கிடக்கு. எடுத்துட்டு வாங்களேன்."

"பயிற்சி நாள்ல வேற பாரம் தொடக்கூடாதும்மா."

"நேத்தும் வரலையே?"

"நேத்து ஓய்வு நாள்."

அந்த அம்மாள் தானே இறங்கிப் போய்த் தூக்கி வருவார்.

ஒருநாள் எங்கள் கேஷியர் சும்மா இருக்காமல், "நீங்க அந்தக் கல்லைத் தூக்கி யாராவது பாத்திருக்காங்களா சார்?" என்று கேட்டுவிட்டார். வீரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஞாயித்துக்கிழமை வாங்க. தூக்கலைன்னா இதைப் பத்தி இனிமே ஒரு வார்த்தை பேச மாட்டேன்." பேச்சும் போய்விட்டால் மனிதரிடம் மிச்சம் என்ன இருக்கிறது? எங்களுக்கோ, சாப்பாட்டு நேரம் முழுசாகத் திரும்பக் கிடைக்கும்.

நான்கு பேர் போனோம். வீரர் பட்டையை இறுக்கினார், தளர்த்தினார், மறுபடி இறுக்கினார். முக்கால் மணி நேரம் உடம்பைச் சூடேற்றினார். மூன்றாவது கர்ஜனையின்போது அவர் மனைவி துடைப்பத்தோடு வந்தார்.

"கொஞ்சம் தள்ளுங்க. சாயங்காலம் எங்க அண்ணன் வராரு, கூட்டணும்."

துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார், கல்லை இரண்டு கையாலும் அள்ளி மேசைமேல் வைத்தார், கூட்ட ஆரம்பித்தார்.

கேஷியர்தான் மெல்லக் கேட்டார். "இதை எத்தனை நாளாம்மா தூக்குறீங்க?"

"தினம் கூட்டணும்ல? மாடிக்குக் கொண்டுவந்ததும் நான்தான். அன்னிக்கு அவருக்கு ஓய்வு நாள்."

வீரரின் வாய் அடைத்துப்போனது என்று நினைக்கிறீர்களா? திங்கட்கிழமை சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதற்குள் வந்து நின்றார். "பாத்தீங்களா சார் நம்ம பயிற்சியை? கூட இருக்கிறவங்களுக்கே இவ்வளவு பலம் வந்துடுச்சு!"

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். இன்று உங்கள் வீட்டுத் தண்ணீர் கேனைத் தூக்கி வந்தது யார்? உட்கார்ந்தபடியே பதில் சொல்லுங்கள், எழுந்திருக்க வேண்டாம். இன்று உங்களுக்கும் ஓய்வு நாளாக இருக்கும்.