பிர்ரியா பானையில் மிதந்த கைக்குட்டை

இனிமேல் எந்த ஞாயிற்றுக்கிழமையும் மச்சினன் வீட்டுக்குப் போவதில்லை என்று எவரிஸ்தோ மேஜைமேல் அடித்துச் சபதம் செய்தார். மேஜை ஆடியது. மனைவி ஒப்தூலியா ஆடவில்லை.

மச்சினன் ரெஃபூகியோ தங்கமான மனிதன்தான். ஆனால் அக்கார்டியன் வாசிப்பான். எல்லைக்கு இந்தப் பக்கம் சூலா விஸ்டாவில் அவன் பெட்டியை இழுத்தால், அந்தப் பக்கம் அடுத்த நாட்டுத் தீஹுவானாவில் நாய்கள் பதில் கொடுக்கும். எல்லைக் காவலர்கள் எதை எதையோ பிடித்தார்கள். அந்தச் சத்தத்தை மட்டும் அவர்களாலும் பிடிக்க முடியவில்லை.

"ஞாயித்துக்கிழமை என் சிநேகிதங்க நம்ம கொல்லையில உக்காந்து மேட்ச் பாக்கணும். அவ்வளவுதான்" என்றார்.

"உக்காரட்டும். தின்ன என்ன குடுப்ப?"

"பிர்ரியா ஃபிரைஸ்."

"யாரு செய்வா?"

"நான்தான்."

ஒப்தூலியா சிரித்த சிரிப்பில் ஃபிரிட்ஜ் மேல் சிலையாக நின்ற அந்தோனியாரே திரும்பிப் பார்த்தார்.

"நீ கரி அடுப்பு ஆளு, கிழவா. எதப் போட்டாலும் உடனே புரட்டணும் உனக்கு. பிர்ரியாக்கறி சின்னத் தீயில மணிக்கணக்கா வேகணும். அதுக்கு வேண்டியது பொறுமை. அத நம்ம கல்யாணத்தன்னைக்கே நீ தொலைச்சுட்ட."

"பந்தயமா?"

"பந்தயம். முள்கரண்டி பட்டா கறி நார் நாரா உதிரணும். உதிர்ந்தா ஞாயிறெல்லாம் உனக்கு. உதிரலேன்னா சாகற வரைக்கும் அக்கார்டியன். அதுவும் முன் வரிசை."

சனிக்கிழமை மதியம் ஒப்தூலியா வழக்கம்போல ஜெபமாலைக்குக் கிளம்பினாள். வாராவாரம் போவாள், பொழுது சாய்ந்துதான் வருவாள். வரும்போது அவள் சால்வையில் சீரகமும் கிராம்பும் மணக்கும். அந்தக் கோவிலில் என்ன தூபம் போடுகிறார்களோ என்று எவரிஸ்தோ நினைத்துக்கொள்வார். பெண்கள் பக்தியில் ஆண்பிள்ளை மூக்கை நுழைக்கக் கூடாது என்பது அவர் கொள்கை.

அவள் தலை மறைந்ததும் மாட்டுக்கால் கறியைப் பானையில் போட்டார். ஊறிய காய்ந்த மிளகாயை அரைத்து ஊற்றினார். தீயைச் சின்னதாக வைத்தார். கொஞ்ச நேரம் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தார். பிறகு கை அரிக்கத் தொடங்கியது. கரி அடுப்பில் வளர்ந்த கை அல்லவா! மூடியைத் திறந்தார். புரட்டினார். மூடினார். திறந்தார். 'இந்தச் சுண்டைக்காய்த் தீயில் எப்போ வேகறது?' என்று தீயை ஏற்றினார். குழம்பு வற்றியது, கறி சுருங்கியது. கடைசியில் முள்கரண்டியால் குத்திப் பார்த்தார். முள்கரண்டி வளைந்தது.

கறியைத் தெரு நாய்க்குப் போட்டார். அது முகர்ந்து பார்த்துவிட்டு, உரிய மரியாதையோடு குழி தோண்டிப் புதைத்தது.

காதுக்குள் அக்கார்டியன் கேட்க ஆரம்பித்தது. காலிப் பானையைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடிக்கு ஓடினார். அங்கே, ஊரே 'தோன்' என்று மரியாதையாக அழைக்கும் கிறிஸ்பினின் பிர்ரியாக் கடை.

"ஒரு பானை நிறைய வேணும், தோன் கிறிஸ்பின். குழம்போட. யாருக்கும் தெரியக் கூடாது."

"யாருக்கும்னா?"

"முக்கியமா ஒருத்திக்கு. ராட்சசி! நாக்குல பட்டா மிளகாய் எந்த ஊருன்னு சொல்லிடுவா."

திரைக்குப் பின்னால் கரண்டிச் சத்தம் நின்றது. யாரோ இருமினார்கள்.

"சமையக்காரம்மாவுக்குச் சளி" என்றார் கிறிஸ்பின். அவர் மீசை ஒரு மாதிரி துடித்தது. பானையோடு உள்ளே போனார். குசுகுசுவென்று பேச்சு. தளும்பத் தளும்பக் கொண்டுவந்தார். "அம்மாவே பாத்துப் பாத்துப் போட்டாங்க."

"அந்தப் புண்ணியவதிக்குச் சொர்க்கத்துல இடம் உண்டு" என்றார் எவரிஸ்தோ மனமுருகி. உள்ளே இருமல் அதிகமானது.

ஞாயிற்றுக்கிழமை கொல்லை நிறைந்தது. உருளைக்கிழங்கை எவரிஸ்தோவே வறுத்தார். அன்றைக்கு அவர் செய்ததில் உண்மையானது அது ஒன்றுதான். ஃபிரைஸ் மேல் பாலாடைக்கட்டி. அது உருகும்போதே அதன் மேல் கறி. அதற்கு மேல் வெங்காயம், கொத்தமல்லித்தழை, பச்சைச் சாஸ். முள்கரண்டி கிட்டே போவதற்குள்ளேயே கறி உதிர்ந்தது. பக்கத்து வீட்டு ஃபிலேமோன் தின்ற மும்முரத்தில், சொந்த அணி கோல் போட்டதைக்கூடப் பார்க்கவில்லை.

"குழம்பு ஊத்து, கம்பாத்ரே!" என்று சிநேகித உரிமையோடு கோப்பையை நீட்டினான்.

எவரிஸ்தோ கரண்டியை விட்டு அள்ளினார். கரண்டியில் ஒரு துணி மூட்டை வந்தது. பட்டை, கிராம்பு, பிரிஞ்சி இலை எல்லாம் உள்ளே வைத்து முடிந்த மூட்டை. வெள்ளைக் கைக்குட்டை. ஓரத்தில் சிவப்பு நூலால் 'எவரிஸ்தோ' என்று தையல். கல்யாண நாளுக்கு ஒப்தூலியா தைத்துக் கொடுத்து, கிறிஸ்துமஸ் சமயத்தில் காணாமல் போன அதே கைக்குட்டை!

"பாருங்கடா!" என்று கத்தினான் ஃபிலேமோன். "என் கம்பாத்ரே கையெழுத்துப் போட்டு இல்ல சமைச்சிருக்கான்!"

எல்லாரும் கை தட்டினார்கள். எவரிஸ்தோ மட்டும் மூட்டையை உற்றுப் பார்த்தார். கைக்குட்டை, திரை, இருமல், ஜெபமாலை, சீரகத் தூபம் எல்லாம் அவர் தலைக்குள் வரிசையாக வந்து நின்றன. மெல்லத் திரும்பினார். அவருடைய சாய்வு நாற்காலியில் ஒப்தூலியா அமர்ந்து, வானதூதர் முகத்தோடு ஃபிரைஸ் தின்றுகொண்டிருந்தாள்.

"ஜெயிச்சுட்ட, கிழவா! இத்தனை பேர் சாட்சி. ஞாயிறெல்லாம் உன்னோடது."

"ஒப்தூலியா... அது வந்து..."

"அடக்கம் வேண்டாம்! தோன் கிறிஸ்பின் கடை சமையக்காரம்மா இன்னைக்குக் காலைல வேலைய விட்டுட்டாங்களாம். பாவம், சளி. உன் கைப்பக்குவத்தைச் சொன்னேன். மனுஷன் துள்ளிக் குதிச்சார். அந்த வேலை இனி உனக்குத்தான். சனிக்கிழமை பானை ஏத்தணும், ஞாயித்துக்கிழமை நின்னு பரிமாறணும்."

கொல்லை ஆரவாரித்தது. ஃபிலேமோன் அவரைத் தூக்கியே விட்டான்.

இறங்கியதும் மனைவி காதில் முணுமுணுத்தார். "எனக்குச் சமையல்ல ஒண்ணுமே தெரியாதுடி."

"பொறுமைய நான் கத்துத் தரேன். மூடியத் திறந்தா முட்டியில கரண்டி. இல்லேன்னா இப்பவே 'நான் சமைக்கல'ன்னு இவங்ககிட்டச் சொல்லு. ரெஃபூகியோ புதுப் பாட்டு பழகியிருக்கான். முன் வரிசை காலியாத்தான் இருக்கு."

எவரிஸ்தோ வாயைத் திறந்தார். தூரத்தில் எங்கோ ஒரு நாய் ஊளையிட்டது. மூடிக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை மதியம், சாய்வு நாற்காலியில் காலை நீட்டி டிவி பார்த்துக்கொண்டிருந்த ஒப்தூலியா, திரும்பாமலே சொன்னாள்:

"ஜெபமாலைக்கு நேரமாச்சு, கிழவா."