டிஸ்க்குக்குச் சந்தனம்

முல்லைப் பெரியாற்றில் அணை கட்டியதற்கு அடுத்தபடியாகக் கம்பம் பள்ளத்தாக்கு பெருமைப்பட வேண்டிய சேமிப்புத் திட்டம் ஒன்று உண்டென்றால், அது உத்தமபாளையம் சுருளிராஜன் தம் வீட்டுப் புதுக் கம்ப்யூட்டருக்கு டிரைவ் தேர்ந்தெடுத்ததுதான். அவர் ஓர் அரசு அலுவலகக் கண்காணிப்பாளர். அவர் மேசைக்கு வந்த எந்தக் கோப்பும் 'முழுமையாக' ஆராயப்படாமல் வெளியே போனதில்லை. பல கோப்புகள் வெளியே போனதே இல்லை.

தேவை எழுந்தது மனைவி உமாதேவியால். கல்லூரியில் பாடம் நடத்தும் அந்த அம்மாள், பன்னீர் திராட்சைக்கு வரும் நோய்களைப் பற்றி ஐந்து வருடமாகத் தோட்டம் தோட்டமாக அலைந்து ஆராய்ச்சி செய்திருந்தார். படங்கள், அளவுகள், எழுதிய அத்தியாயங்கள் எல்லாம் பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கில் மட்டுமே இருந்தன. ஆவணி கடைசிக்குள் பல்கலைக்கழகத்தில் ஒப்படைக்க வேண்டும். டிஸ்க்கோ 'டக் டக்' என்று முனக ஆரம்பித்திருந்தது.

"என்னங்க, ஒரு பென்டிரைவ்ல காப்பி பண்ணிக்கிறேனே?"

"பென்டிரைவா! அது தொலைஞ்சா யாரு பொறுப்பு? எல்லாத்தையும் முறைப்படி புது டிரைவுக்கு மாத்துவோம். அதுவரைக்கும் பழசுல யாரும் கை வைக்கக் கூடாது."

பாதுகாப்பு கருதி டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். என்ன ஒரு தொலைநோக்கு!

பிறகு 'பரிசீலனை' தொடங்கியது. கம்பத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ரஃபிக்குப் போன் மேல் போன்.

"தம்பி, இருக்கறதுலயே வேகமான டிரைவ் எது?"

"என்.வி.எம்.இ.தாண்ணே."

"அதைவிட வேகமா?"

"அண்ணே, உங்களுக்கு அதுல என்ன வேலை?"

"காலையில எந்திரிச்சதும் குரூப்புல வணக்கம் போடணும்லப்பா!"

டிரைவ் முடிவானபோது ஆடி பிறந்துவிட்டது.

"ஆடியில புதுச் சாமான் வாங்குறதா?" என்று அதிர்ந்தார் சுருளிராஜன்.

"நானே ஆடித் தள்ளுபடி போட்டிருக்கேண்ணே!"

"தள்ளுபடியில வேட்டி துண்டு வாங்கலாம். இது மூளைப்பா."

உமாதேவிக்குச் சோறு இறங்கவில்லை. "பழைய டிஸ்க்கையாவது குடுங்க. வெளிய குடுத்து எடுத்துக்கிறேன்" என்று கெஞ்சினார். "விஷயம் பரிசீலனையில இருக்கு" என்று வீட்டிலும் அரசு முறையிலேயே பதில் வந்தது.

ஆவணி முதல் முகூர்த்தம். ரஃபி புதுக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து இறக்கினார். பட்டு வேட்டி கட்டிய சுருளிராஜன், புது டிரைவையும் பழைய டிஸ்க்கையும் தலைவாழை இலையில் 'எழுந்தருளச்' செய்தார். பன்னீர் விட்டுத் தாராளமாகக் கரைத்த சந்தனத்தில் பொட்டு வைத்தார். மேலே குங்குமம். சூடம் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

புது டிரைவை மாட்டிய கம்ப்யூட்டர் தொட்டதும் விழித்தது. பழைய டிஸ்க்கை மாட்டினார்கள். அது முனகக்கூட இல்லை. ரஃபி கழற்றிப் புரட்டிப் பார்த்தார்.

"அண்ணே, இந்த ஓட்டைக்குள்ள எப்படிண்ணே சந்தனம் போச்சு?"

"நெத்திக்கண்ணு மாதிரி இருந்துச்சுப்பா. அதான் பாத்து அங்கனயே பொட்டு வச்சேன்."

"அது காத்துப் போற ஓட்டைண்ணே! மூடாதீகன்னு பக்கத்துலயே இங்கிலீஷ்ல அச்சடிச்சிருக்கு. பன்னீர் பூராம் உள்ள இறங்கிருச்சு. ஏற்கெனவே சீக்குப் பிடிச்ச டிஸ்க் வேற. இனி ஒண்ணும் தேறாது."

டிரைவ்களைப் பற்றி உலகில் எழுதிய அனைத்தையும் கரைத்துக் குடித்த மேதை, தம் கையிலிருந்த டிஸ்க்கில் எழுதியிருந்த ஒரு வரியை மட்டும் படிக்கவில்லை. ஆனாலும் நிலைகுலையவில்லை. பதவியின் கம்பீரம் அது.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. புதுசு எம்புட்டு வேகம் பாத்தியா உமா? கண்ணச் சிமிட்டுறதுக்குள்ள..."

உமாதேவி கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க அதைவிட வேகம்ங்க. என் அஞ்சு வருசத்த ஒத்தப் பொட்டுல முடிச்சுட்டீக."