போர்டு நைனாவின் ஞாயிற்றுக்கிழமை ஏலம்

பாடியிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட் வரை எழுத்து என்று ஒன்று எங்கே கண்ணில் பட்டாலும், அதைச் சத்தம் போட்டுப் படிக்காமல் போர்டு நைனா தாண்டிப் போனதாகச் சரித்திரமே கிடையாது. கடைப் பலகை, சுவர் விளம்பரம், லாரியின் முதுகு, தீப்பெட்டி, மருந்து சீசா எல்லாம் அவருக்கு ஒன்றுதான். அவருடைய சொந்தப் பெயர் எங்கள் காலனியில் யாருக்கும் தெரியாது. தெருமுனையில் பஞ்சர் கடை வைத்திருந்தார். மற்றவர்களுக்கு நாற்பது வயதில் சர்க்கரை வியாதி வரும். அவருக்கு எழுத்து வந்தது. தொழிற்சங்க அறையில் நடந்த இரவு வகுப்பில் ஒரு வருஷம் உட்கார்ந்து படிக்கக் கற்றுக்கொண்டார். அன்றிலிருந்து ஊருக்கு நிம்மதி போயிற்று.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வார். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி ஒரு பலகையைப் பாதி படிப்பதற்குள் பஸ் அந்தக் கடையைத் தாண்டியிருக்கும்.

"டிரைவரண்ணே, கொஞ்சம் ஸ்லோவாப் போ. அந்த போர்டுல கடேசி எழுத்து பாக்கி கீது."

"யோவ், நீ படிக்கறதுக்கு வண்டிய நிறுத்திகினு இருந்தா, நான் டெப்போல இன்னா சொல்றது?" என்பார் கண்டக்டர்.

"படிச்சிகினு வந்தோம்னு சொல்லு."

ஆஸ்பத்திரியில் 'அமைதி காக்கவும்' என்ற பலகையை அவர் படித்த குரலில் உள்நோயாளிகள் எழுந்து உட்கார்ந்தார்கள். கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்தால், அடியில் பொடி எழுத்தில் இருக்கும் அச்சகத்தின் பெயர் வரை முடித்த பிறகுதான் இலையில் உட்காருவார். பஜ்ஜி மடித்த காகிதத்தை முதலில் படிப்பார், பஜ்ஜி ஆறிய பிறகு தின்பார், காகிதத்தைத் துடைத்து வீட்டுக்குக் கொண்டுபோவார். எழுத்து உள்ள காகிதம் தரையில் கிடந்தால் அவருக்குப் பொறுக்காது. கடைக்குள் டயர்களைவிட, பொறுக்கிய காகித மூட்டைகள்தான் அதிகம்.

யாராவது படித்தால் இன்னும் மோசம். பின்னால் வந்து நின்று வரியில் விரல் வைத்து, உதடு அசைத்துக் கூடவே படிப்பார். நாம் ஒரு வரி தாவிவிட்டால் போச்சு. "சார், ஒரு வரி உட்டுட்ட. மேல போ" என்பார். அவருக்குப் பயந்தே டீக்கடையில் பேப்பரை வாய்விட்டுப் படிக்கிற பழக்கம் நின்றுபோயிற்று.

இப்படிப்பட்ட மனிதருக்கு, கடைக்குப் பக்கத்துக் காலி இடத்தில் ஒரு படிப்பகம் கட்டவேண்டும் என்று தோன்றிவிட்டது. தகர உண்டியலோடு வீடு வீடாகப் போனார். எங்கள் எதிர்வீட்டு பரமசிவம் சார், ஸ்டோர்ஸ் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர், இங்கிலீஷ் பேப்பரை அக்குளில் மடித்து வைத்துக்கொண்டே நடமாடுகிறவர், மடித்த காகிதம் ஒன்றை உண்டியலில் போட்டார். நைனா அங்கேயே உண்டியலைக் கவிழ்த்து எடுத்துப் படித்தார்.

"சார், இது இருமல் மருந்து பில்லு. இப்போ தேவலயா?"

வசூல் அந்த லட்சணத்தில் நடந்துகொண்டிருந்தபோது அவருடைய மனைவி ஆரோக்கியமேரி, கடைக்குப் பக்கத்தில் இட்லி போட்டவர், சர்ச்சில் அறுவடைப் பண்டிகைக்கு அவரை அழைத்துப் போனார். அங்கே ஒரு பூசணிக்காயை ஏலம் விட்டார்கள். எடுத்தவர் காசைக் கட்டிவிட்டுக் காயைத் திருப்பிக் கொடுத்தார். மறுபடி ஏலம். மறுபடி திருப்பிக் கொடுத்தார்கள். நைனாவுக்குத் தலை சுற்றியது.

"இன்னா மேரி, வாங்கினவன் காய எட்த்துகினு போவ மாட்டேன்றான்?"

"அது காணிக்கைய்யா. காயா முக்கியம்? நீ கம்முனு குந்து."

அவர் கம்மென்று இருக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை பஞ்சர் கடை வாசலில் இரவல் மைக் செட் முழங்கியது.

"காய்கறி ஏலம் கெடயாது. ஊடு ஏலம். எந்த ஊடு படிக்கணுமோ அத்தக் கேளு. ஏலம் முடிஞ்சா அந்த ஊட்டுக்காரங்க எல்லாரும் மேட மேல வந்து ஆளுக்குக் கொஞ்சமா ஒரு பக்கம் படிக்கணும். முடியாதுன்னா, ஏலக் காசுக்கு மேல ரெண்டு ரூபா சேத்துக் கட்டிட்டு ஊட்டுக்குப் போலாம்."

"ஏன் நைனா, ஒருத்தர் படிச்சா பத்தாதா?" என்று என் கணவர் கேட்டார்.

"ஒருத்தன் படிச்சா மத்தவன் வேடிக்க பாப்பான் சார். நானே நாப்பது வருசம் வேடிக்க பாத்தவன்தான்."

காலனியில் அதுவரை வாய்ச்சண்டையாக இருந்த பகைகள் அத்தனையும் ஏலத்துக்கு வந்தன. குடித்தனக்காரர் வீட்டுக்காரரைக் கேட்டார். மருமகள் வீடு மாமியார் வீட்டைக் கேட்டது. படித்த குடும்பங்கள் மைக்கைக் கண்டதும் காசை எடுத்தன. பரமசிவம் சாருக்கு வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கண்ணாடி உடைந்தது. மாறாக, சித்தாள் வேலைக்குப் போகும் ஒரு பெண், இரவு வகுப்பில் நைனாவோடு படித்தவள், தன் வீட்டைத் தானே ஏலம் கேட்டாள். கேட்டு, பிள்ளைகளோடு மேலே ஏறி வியர்க்க வியர்க்கப் படித்தாள். படித்தவர்கள் படிக்காமல் தப்பிக்கக் கொடுத்த காசிலும், படிக்காதவர்கள் படித்தே தீர்வது என்று கொடுத்த காசிலும் படிப்பகத்துச் சுவர் வளர்ந்தது.

பிறகு எங்கள் முறை வந்தது. என் கணவர் ஒருமுறை தன் வீட்டை ஏலம் கேட்ட கோபத்தில் பரமசிவம் சார் எங்கள் வீட்டைக் கேட்டார். என் கணவர் சட்டைப்பையில் கை வைத்தார். நான் தடுத்தேன். எனக்கென்ன பயம். நான் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். என் பையன் குமார் நாலாம் வகுப்பு. எந்தப் பாடத்தைக் கேட்டாலும் தண்ணீர் ஊற்றுகிற மாதிரிச் சொல்லுவான்.

நைனா மூட்டைக்குள் கைவிட்டுப் பார்க்காமலே ஒரு தாளை உருவினார். ஏதோ அரசாங்க விவசாயப் பத்திரிகை. தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டு பற்றியது. முதல் பத்தியை என் கணவர் படித்தார்: வண்டு குருத்தைத் துளைக்கிறது. இரண்டாவதை நான்: வண்டு எருக்குழியில் முட்டையிடுகிறது. கூட்டம் கொட்டாவி விட்டது. மூன்றாவது பத்திக்குக் குமார் மைக்கைப் பிடித்தான்.

"இப்படியாகக் குருத்துத் தின்று சலித்துப்போன வண்டு, ஒருநாள் பூந்தமல்லி பஸ்ஸில் ஏறியது. கொம்புக்குத் தனியாக டிக்கெட் எடுக்கவேண்டும் என்றார் கண்டக்டர். வண்டு வானகரத்தில் இறங்கி இளநீர் கேட்டது. உன்னால்தான் இளநீரே இல்லை என்றார் கடைக்காரர்."

கூட்டம் எழுந்து சிரித்தது. "கவர்மென்ட் பொஸ்தகம்கூட நல்லாத்தான் எழுதறானுங்க" என்றார் பழைய ஊர்க்காரர் ஒருவர். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே தற்செயலாக நைனாவைப் பார்த்தேன். வழக்கம்போலப் பையனுக்குப் பின்னால் நின்று, வரியில் விரல் வைத்து, உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். உதடு நின்றது. பையன் வாயைப் பார்த்தார். தாளைப் பார்த்தார்.

நானும் எட்டித் தாளைப் பார்த்தேன். பத்து லிட்டர் தண்ணீரில் எவ்வளவு மருந்து கலப்பது என்று போட்டிருந்தது. பஸ்ஸும் இல்லை, இளநீரும் இல்லை. குமாரின் கண் தாளிலேயே இல்லை. கூட்டத்தில் எவன் சிரிக்கிறான் என்று பார்த்துப் பார்த்து அடுத்த வரியைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

இத்தனை வருஷம் கழித்து இதை எழுதுகிறேன். நடுவில் இரண்டு தடவை எழுந்து வாசல் கேட்டைப் பார்த்துவிட்டு வந்தேன், எதற்கென்று தெரியவில்லை. என் பிள்ளைக்குப் படிக்கத் தெரியாது. அது எனக்கு அந்த நொடியில்தான் தெரிந்தது. ஊருக்குத் தெரிய இன்னொரு நொடி போதும். விட்டுப்போன ஒரு வரியைக்கூட மன்னிக்காத மனிதர், மைக்குக்குப் பக்கத்தில், வாயைத் திறந்துவிட்டார்.

"பக்கம் முடிஞ்சிபோச்சு. கை தட்டுங்கப்பா."

தட்டினார்கள். பரமசிவம் சார் மட்டும் எழுந்து வந்தார். அன்றைக்கென்று அவர் கண்ணாடி உடையவில்லை.

"யோவ் நைனா, அந்தத் தாளக் குடு. நானும் தோட்டம் வச்சிருக்கறவன். எந்தப் பத்திரிகையில இப்படியெல்லாம் எழுதறான்னு பாக்கணும்."

நைனா தாளை எடுத்தார். தரையில் கிடக்கும் பீடிக்கட்டு லேபிளைக்கூட மிதிக்காத மனிதர், இரண்டு எட்டு நடந்து, டியூப் முக்கிப் பார்க்கிற கறுப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் அதைப் போட்டார்.

"அடடா. கை வழுக்கிச்சு சார்."

"வழுக்கலையே. அமுக்கறியே."

"காத்து போவுதான்னு பாக்கறேன்."

"காகிதத்துல ஏதுய்யா காத்து?"

"அதான் சார். ஒண்ணும் வரல. சரியாத்தான் கீது."

மறுநாள் காலையில் ஒரு புதுப் புத்தகத்தைக் குமார் முன்னால் வைத்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, "நீ முதல்ல படிச்சுக் காட்டும்மா. அப்புறம் நான் படிக்கறேன்" என்றான். தினமும் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன் என்று நான் வாசிக்க வாசிக்க, அவன் காதால் விழுங்கியிருக்கிறான். பரீட்சைத் தாளில் எழுத்துகளைப் படமாக நினைவு வைத்து வரைந்திருக்கிறான். நான் லீவு போட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் போனேன், கண் டாக்டரிடம் போனேன், டியூஷன் வாத்தியாரைத் தேடி ஆவடிவரை அலைந்தேன். இருந்த இடத்தில் என்னால் இருக்க முடியவில்லை.

சாயங்காலம் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. நைனா.

"புள்ளய அடிச்சியாம்மா?"

"இல்ல நைனா."

"அடிக்காத. தெரியாதுன்றத மறைக்கறதுக்கு ரொம்ப மூள வேணும். நா மறச்சிகினு இருந்தவன், எனுக்குத் தெரியும்." அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "எனுக்கு ஒரு ஒத்தாச பண்ணணும். படிக்க ஒரு ஊடு வோணும். ஊட்ல நா பொஸ்தகத்த எட்த்தாலே மேரி லைட்ட அணைக்கறா."

உள்ளே வரச் சொன்னேன். அன்றிலிருந்து தினமும் ஆறரை மணிக்கு வந்தார். நான், என் கணவர், குமார், நைனா, ஒரே புத்தகம், ஆளுக்கு ஒரு வரி. வீட்டு வேலை ஒன்றும் ஓடவில்லை. குமாருக்குப் பக்கத்தில் அவர்தான் உட்காருவார். ஒரு வார்த்தையைப் பிடித்தால் அதை விடமாட்டார். "தா... தாழ்... தாழ்வா..." என்று இழுக்கிற இழுப்பில் என் கணவர் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்துவிடுவார். பொறுமை கெட்டுப்போய்க் குமார் தாளுக்குள் குனிவான், அவர் விரலைத் தள்ளிவிட்டு எழுத்தைப் பிடிப்பான்.

"தாழ்வாரம், நைனா."

"இருடா, நா வந்துகினுதானே கீறேன்."

அவர் வேண்டுமென்றே திணறினாரா, நிஜமாகவே திணறினாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டுப் பார்த்தேன். "உன் பொஸ்தகத்துல எழுத்து பொடிம்மா" என்று சொல்லிவிட்டார்.

படிப்பகத்துக்குக் கூரை போட்ட மாதத்தில் ஒரு நாள், குமார் தன் வரியோடு நிறுத்தவில்லை. அடுத்த வரிக்குப் போனான், அதற்கடுத்ததற்கும் போனான். தடுக்கி, திரும்பி வந்து, மறுபடி போய், பக்கத்தின் அடிவரை தனியாக இறங்கிவிட்டான். சமையல்கட்டில் பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை.

நைனா எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். நான் பின்னாலேயே கேட்டுக்குப் போனேன். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றவர், என்னைக் கண்டதும் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கையில் இருந்த கிரீஸ் கன்னத்தில் காதுவரை கறுப்பாக இழுத்துவிட்டது.

"வரேம்மா" என்று சொல்லிவிட்டு மிதித்தார். முகத்தில் கறை இருக்கிறது என்று கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த முகத்தைத் தெரு முழுக்கப் பார்க்கட்டும் என்று இருந்தது எனக்கு.