பாமா அம்மா கேட்டதும் நான் சொன்னதும்

மதிப்பிற்குரிய குழு நிர்வாகி வெங்கடேஸ்வரன் சார் அவர்களுக்கு, கசார்வாடி லேத் பட்டறை மைதீன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரி அக்தர் பானுவும் சுகம். அங்கே உங்கள் சுகத்தை நான் விசாரிப்பதாக இல்லை.

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதான் பாய்" என்று போனில் சொன்னீர்களே, அது விதியா சார்? ஒரு மனுஷன் பதறிக்கொண்டு நிற்கும்போது அவனைக் குழுவிலிருந்து தூக்கி வெளியே போடுவது எந்த ஊர் விதி? ராணுவ வெடிமருந்து டிப்போவில் முப்பத்தோரு வருஷம் குண்டுப் பெட்டியை எண்ணியவர் நீங்கள். இப்போது கோத்ரூடில் மகள் வீட்டுப் பால்கனியில் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமல், எங்கள் மெசேஜை எண்ண உட்கார்ந்துவிட்டீர்கள். டயாலிசிஸ் செய்கிற தமிழ்க் குடும்பங்கள் ஒன்றுக்கொன்று ஒத்தாசையாக இருக்க ஒரு வாட்ஸ்அப் குழு. அதற்கு ஒன்பது விதி! யாருக்குப் பதில் சொல்கிறோமோ அவர் மெசேஜை இழுத்து மேலே வைத்துவிட்டுத்தான் கீழே பதில் எழுதணுமாம். நீளமான மெசேஜ் என்றால் தேவையான வரியை மட்டும் எடுத்துப் போடணுமாம். நன்றி, காலை வணக்கம், பூங்கொத்து எல்லாம் தனியாக அனுப்பணுமாம். டிப்போவில் தோட்டாவுக்குக்கூட இத்தனை சீட்டு ஒட்டியிருக்க மாட்டீர்கள்.

எனக்கு அந்த முதல் விதிதான் தொண்டையில் நின்றது. கடையநல்லூரில் எங்கள் தெருவில், ஒருத்தர் சொன்னதை அவர் முகத்துக்கு நேராகத் திருப்பிச் சொன்னால், சண்டைக்குச் சட்டைக்கையை மடக்குகிறான் என்று அர்த்தம். "என்ன சொன்னே? ஒன் ஆடு எங்க கொல்லைக்கு வரலைன்னா சொன்னே?" என்று ஒருத்தன் ஆரம்பித்தால் பக்கத்துக் கடைக்காரர் பலகையை இறக்கிவிடுவார். மரியாதை தெரிந்தவன் பதிலை மட்டும் சொல்லுவான். அதனால்தான் பதினொரு மாசமாக நான் யார் மெசேஜையும் இழுத்தது கிடையாது. நீங்கள் நாலு தடவை எச்சரித்தீர்கள். நானும் நாலு தடவை கட்டைவிரல் படம் போட்டேன்.

போன திங்கட்கிழமை காலை பத்தேகால் இருக்கும். சாகண் கார் கம்பெனியில் வேலை பார்க்கிற இர்பான் தம்பி, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குத் துணைக்கு வருகிறவர்களுக்கு ரோஸ்மில்க் கொண்டு வரட்டுமா என்று கேட்டிருந்தான். நான் ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி அடித்தேன். 'தாராளமா குடுங்க. ரெண்டு ரெண்டு கிளாஸ் குடுங்க. ஒண்ணும் ஆகாது, நான் பொறுப்பு.' அனுப்பிவிட்டுப் போனைச் சட்டைப்பையில் போட்டு, பானுவைக் கூட்டிப்போய் டயாலிசிஸ் மெஷினில் படுக்க வைத்துவிட்டு, வெளியே ஒரு டீ வாங்கிக்கொண்டு போனைப் பார்த்தேன் சார். டீ வாய்க்குப் போகவில்லை.

நான் எழுத்து தேடிக்கொண்டிருந்த நேரத்தில் தேஹு ரோடு பாமா அம்மா நடுவில் ஒன்று கேட்டிருக்கிறார்கள். 'இவருக்குத் தலை சுத்துது. இளநீர் குடுக்கலாமா?' அதற்கு நேர் கீழே என் பதில். அதற்கும் கீழே பாமா அம்மா: 'சரிங்க பாய். வாங்கிட்டேன்.'

இளநீர் சார்! அதில் இருக்கிற பொட்டாசியம் ஏறினால் டயாலிசிஸ்காரர் இதயமே நின்றுபோகலாம் என்று டாக்டர் எங்களுக்குப் படம் வரைந்து காட்டியிருக்கிறார். இளநீர் வண்டி நிற்கிற ரோட்டில்கூட மூணு வருஷமாக நான் பானுவைக் கூட்டிப் போனதில்லை. அப்படிப்பட்ட நான் பாமா அம்மா வீட்டுக்காரர் சூர்யநாராயணன் சாருக்கு ரெண்டு கிளாஸ் கொடுக்கச் சொல்லிப் பொறுப்பும் ஏற்றிருக்கிறேன்.

மெசேஜை அழிக்க எங்கெங்கோ அமுக்கினேன். 'குடுக்காதீங்க' என்று அடிக்கப் போனால் அடிக்க இடமே இல்லை. நான் குழுவிலேயே இல்லை! உங்கள் வேலை. பாமா அம்மாவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. உங்களுக்குப் போட்டேன்.

"சார், பாமா அம்மாவுக்கு நான் சொன்னது..."

"எந்த மெசேஜுக்கு எது பதில்னு தெரியாமத்தான பாய் இத்தனை கூத்து? விதி எல்லாருக்கும் ஒண்ணுதான் பாய்."

அதற்கு மேல் கேட்க எனக்குப் பொறுமை இல்லை, வைத்துவிட்டேன். ஓடிப்போய் லோனாவ்லா லோக்கல் ரயிலில் ஏறினேன். பிம்ப்ரி, சிஞ்ச்வட், ஆகுர்டி என்று நின்று நின்று போகிறது பாழாய்ப்போன வண்டி. தேஹு ரோடில் இறங்கினால் ஷேர் ஆட்டோக்காரன் ஆள் சேராமல் நகர மாட்டேன் என்கிறான். "மிச்ச எடத்துலயும் நாந்தான் உக்காந்திருக்கேன்னு நெனச்சுக்கோ, சலோ!" என்று கத்தினேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிளப்பினான்.

வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு அம்மா மராட்டியில் "தவாகான்யாத் கேலே" என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்களாம். எப்படிப் போனார், நடந்தா, தூக்கிக்கொண்டா என்று கேட்க எனக்கு மராட்டி வரவில்லை. படியில் உட்கார்ந்தேன். எழுபத்திரண்டு வருஷமாக எல்லாரையும் கேலி பண்ணியே பிழைத்தவன் சார் நான். அந்தப் படியில் எனக்கு ஒரு கேலியும் வரவில்லை.

முக்கால் மணி நேரம். கீழே செருப்புச் சத்தம். பாமா அம்மா தோளைப் பிடித்துக்கொண்டு சூர்யநாராயணன் சார் ஒவ்வொரு படியாக ஏறி வந்தார்.

"என்ன பாய், இங்க உக்காந்திருக்கீங்க? ஏன் இப்படி வேர்த்திருக்கு?"

"இளநீர்... குடிச்சாரா?"

"வெட்டி கிளாஸ்ல ஊத்திட்டேன் பாய். வாய்கிட்ட கொண்டு போறார், போன்ல டிங்னுது."

காட்டினார்கள். மேலே அவர்கள் கேட்ட வரி. அதன் கீழே உங்கள் பதில்: 'கூடாது. உடனே டாக்டரிடம் போங்கள்.' நாலே வார்த்தை. வேறு யாருக்கோ சொன்னது என்று ஒரு பச்சைப் பிள்ளைகூட நினைக்க முடியாது.

"பிரஷர் எறங்கியிருந்ததாம், மாத்திரையை மாத்திட்டார்" என்றார் சூர்யநாராயணன் சார். "ஆனா பாய், ரெண்டு கிளாஸுக்கு நீங்கதான பொறுப்பு? என் பங்கு எங்கே?"

சிரிக்கிறார் சார் அந்த மனுஷன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஆக, உங்கள் நாலு வார்த்தை நல்ல வார்த்தை. பாதி மனசோடு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என்னைத் தூக்கிப் போட்டது தப்பு, தப்பு, தப்பு. பானுவின் சென்டரில் மெஷின் கெட்டாலும் நேரம் மாறினாலும் அந்தக் குழுவில்தான் முதலில் தெரியும். நேற்று புதன்கிழமை நேரம் மாறியது தெரியாமல் போய், ரெண்டு மணி நேரம் வாசல் பெஞ்சில் கால் வீங்க உட்கார்ந்திருந்தாள். கோபம் என் மேல் என்றால் என்னைத் திட்டுங்கள். அவளை வாசலில் உட்கார வைக்காதீர்கள். என்னைத் திரும்பச் சேருங்கள். போனில் எழுதினால் விரல் வேறு எங்காவது போய்விடுகிறது, அதனால்தான் காகிதம்.

உங்கள் முழங்கால் வலி குறையவும், பேரப்பிள்ளைகள் உங்கள் விதிகளுக்குத் தப்பி வளரவும் துஆ செய்யும்,
மைதீன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன்னால் பானுவுக்குப் படித்துக் காட்டினேன். என் போனை வாங்கி மூக்குக்கிட்ட வைத்துப் பார்த்தாள்.

"ஒங்கள யாரு தூக்கிப் போட்டா? 'நீங்கள் வெளியேறினீர்கள்'னு போட்டிருக்கு. அழிக்கப் போயி, நீங்களே வெளியேறுறத அமுக்கியிருக்கீங்க."

நானும் பார்த்தேன். அப்படித்தான் போட்டிருக்கிறது சார். உங்களைப் பற்றி மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். குண்டுப் பெட்டி மட்டும் இருக்கட்டும்.

"தப்பு எம்மேலதான் சார்னு ஒத்த வரி எழுதுனா முடிஞ்சுது. அதுக்கு இத்தனை பக்கமா?" என்று கேட்டுவிட்டு பானு எழுந்து அடுப்படிக்குப் போகிறாள்.

"அந்த ஒத்த வரிய எழுதத்தான் பானு உக்காந்தேன். அதுக்கு முன்னால கொஞ்சம்..."