தக்காளி வண்டியில் வந்த சபை

கொரோனாவுக்குப் பிறகு இந்த நாட்டில் தன்னம்பிக்கை அமோகமாக விளைந்த இடம் சோபாதான். ஊரடங்கில் சோபாவில் உட்கார்ந்து கடவுளைக் கும்பிடப் பழகியவர்கள் பலர். ஊரடங்கு முடிந்தும் எழுந்திருக்க மறந்தவர்கள் சிலர். அந்தச் சிலரில் முதல் ஆள் நான்.

நல்லம்பள்ளியில் விதையும் உரமும் விற்கிற கடை என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. லுங்கி, காபி, கையில் ரிமோட். டிவியில் எங்கோ தூரத்து ஊரின் ஆன்லைன் பாஸ்டர் முழங்குவார். பிடித்த இடத்தைத் திரும்பக் கேட்கலாம், பிடிக்காத இடத்தை ஓட்டிவிடலாம். தருமபுரி டவுனில் இருக்கிற எங்கள் சபையில் இந்த வசதி உண்டா?

"கிறிஸ்தவனுக்குச் சபை எதுக்கு?" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் கேட்பேன். "கடவுள் தொப்பூர் கணவாயில இல்லையா? ஒகேனக்கல் சாரல்ல இல்லையா? நாலு செவுரும் ஒரு மைக்கும் இருந்தாத்தான் வருவாரா?" கேட்பவர்கள் மறுபேச்சுப் பேசாமல் தலையாட்டுவார்கள். (யூரியா தட்டுப்பாட்டுக் காலம். என்னிடம் யார் வாதாடுவார்கள்?)

தத்துவம் இவ்வளவு உயரமாக இருந்தாலும் அதன் வேர் ஒரு கவிதையில் இருந்தது. ஊரடங்கு தளர்ந்து வந்த முதல் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் நான் எழுதிய வசன கவிதையை வாசித்தேன். பெத்லகேம் மாட்டுத்தொழுவத்தில் புறப்பட்டு, பால்வெளி வழியாகச் சுற்றி, நல்லம்பள்ளிச் சந்தையில் வந்து இறங்குகிற கவிதை. பால்வெளியை எட்டியபோது கொஞ்சம் மூச்சு வாங்கினேன். அந்த இடைவெளியில் பாஸ்டர் "ஆமென்" என்றார். சபை முழுவதும் "ஆமென்" என்றது. குழந்தைகள் நடனத்துக்கு ஓடிவந்துவிட்டார்கள். நான் பால்வெளியில் தன்னந்தனியாக, கையில் நான்கு பக்கம் மீதியோடு நின்றேன்.

அன்று இறங்கியவன்தான். மறுபடி சபைப் பக்கம் போகவில்லை.

என் மனைவி சலோமி கொஞ்ச நாள் மகள் ரூபியோடு பஸ்ஸில் போய்வந்தாள். "உங்க வூட்டுக்காரர் வரலீங்களா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்து, அவளும் நின்றுவிட்டாள். அவள் நின்றதை நான் என் தத்துவத்தின் வெற்றி என்று நினைத்தேன்.

பிறகு வீடு கட்டினோம். ஊருக்கு வெளியே, இரண்டு பக்கமும் தக்காளித் தோட்டம், காலையில் தொப்பூர் மலைக்காற்று வந்து ஜன்னலைத் தட்டிப் பேர் சொல்லிக் கூப்பிடும். புதுமனை புகுவதை நாங்கள் பிரதிஷ்டை என்போம். அதற்கு நாள் குறிக்கிற பேச்சு வந்தபோது நான் அறிவித்தேன்: "ஞாயித்துக்கெழம காலைல பத்து மணி. நானே நடத்துறேன்."

"அது ஆராதனை நேரமாச்சுங்களே. சபையில யாரும் வர முடியாது."

"அதான் வேணும்."

சலோமி காலண்டரைத் திரும்ப ஆணியில் மாட்டினாள். அவள் அப்பா ஊரடங்கில் இறந்தவர். முகமூடி போட்ட ஆட்கள் குழிக்குள் கயிற்றில் இறக்கினார்கள். நாங்கள் தூரத்தில் நின்றோம். யாரும் பாடவில்லை. ஞாயிறுதோறும் கணீரென்று பாடி முன்வரிசையை நிமிர வைத்த மனிதர் அவர்.

"ஏங்க," என்றாள். "அப்பாவைப் பாட்டு இல்லாம அனுப்பிட்டோம். இந்த வூட்டுக்குள்ளயாவது பாட்டோட போகணும். நீங்க நடத்துங்க, வேணாங்கல. ஆனா நெஞ்சு நெறஞ்ச மாதிரி பாட்டு இல்லைன்னா நான் அடுப்பு பத்த வைக்க மாட்டேன்."

"பாட்டுதானே? பின்னிடலாம்," என்றேன். (இந்த வார்த்தையை இன்றும் என் வீட்டில் நான் உபயோகிக்க முடியாது.)

அந்த ஞாயிறு வந்தது. பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டை. பக்கத்துத் தோட்டத்து மாதையன் அண்ணன், அவர் மனைவி பழனியம்மா, கடை வாடிக்கையாளர்கள் என்று வாசல் நிறைந்தது. எல்லோரும் மாரியம்மன் கோயிலுக்கும் முனியப்பனுக்கும் போகிறவர்கள். கிறிஸ்தவ வீட்டுப் பிரதிஷ்டை எப்படி நடக்கும் என்று பார்க்கிற ஆவலில் குளித்து, திருநீறு வைத்து, சீக்கிரமே வந்துவிட்டார்கள்.

முதல் சிக்கல் உடனே தெரிந்தது. ஆன்லைன் பாஸ்டரின் பிரதிஷ்டை ஜெபத்தை ஓடவிட புது டிவியை ஹாலில் மாட்டியிருந்தேன். ஆனால் எங்கள் வழக்கப்படி பூட்டிய கதவுக்கு வெளியே பாடி, ஜெபித்து, அதற்குப் பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும். அதாவது பாஸ்டரை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு நாங்கள் வெளியே நின்றோம்.

அசரவில்லை. போனில் அதே வீடியோவைப் போட்டு ப்ளூடூத் ஸ்பீக்கரோடு சேர்த்தேன். கூட்டத்துக்கு ஒரு பயிற்சியும் கொடுத்தேன். "ரொம்ப சுலபம்ங்க. குரல் எங்க நிக்குதோ அங்க எல்லாரும் சத்தமா ஆமென் சொல்லணும். அவ்ளோதான்."

"எங்க பஜனையில கோவிந்தா போடற மாதிரிங்களா?" என்றார் மாதையன்.

"அதே மாதிரிதாங்கண்ணா."

ஒரு முறை ஒத்திகை பார்த்தோம். தக்காளித் தோட்டத்துக் கொக்குகள் எழும்பிப் பறந்தன. என் சபையில்கூட இப்படியொரு ஆமென் நான் கேட்டதில்லை.

கதவு நிலையில் பூசுவதற்காகத் தேங்காய் எண்ணெயில் விரலை நனைத்துக்கொண்டு, கண்ணை மூடி, கையை உயர்த்தினேன். ஸ்பீக்கரில் பாஸ்டர் உருகினார். கூட்டம் ஆமென் சொன்னது. எல்லாம் சுகம். திடீரென்று ஜெபத்தின் நடுவில் போன் அடித்தது. கண்ணைத் திறக்காமலே பையில் கைவிட்டுத் தேய்த்தேன். எண்ணெய் விரல் வழுக்கியது. கட்டாக வேண்டிய அழைப்பு, எடுத்தாகிவிட்டது. என் கடைக்கு உரம் ஏற்றி வருகிற லாரி டிரைவர் செல்வத்தின் குரல் வாசலெங்கும் முழங்கியது.

"அண்ணே! தொப்பூர் எறக்கத்துல வண்டி நின்னு போச்சுண்ணே!"

"ஆமென்!" என்றது கூட்டம்.

"ஆங்? ரேடியேட்டர் கொதிக்குதுண்ணே!"

"ஆமென்!"

"முன்னால கன்டெய்னர் ஒண்ணு குறுக்கால நிக்குது. சாயந்தரம் வரைக்கும் நகராது போல!"

"ஆமென்!" (இந்த முறை கைதட்டலும்.)

நான் போனைத் தேய்க்கிறேன், தட்டுகிறேன், வேட்டியில் துடைக்கிறேன். எண்ணெய் பூசிய திரை என்னை அடையாளம் காண மறுத்தது.

"என்னண்ணே, வூட்ல விசேஷமா? அப்புறமாப் பேசட்டுங்களா?"

"ஆமென்!"

செல்வம் பயந்துபோய் வைத்துவிட்டான். அதோடு போனும் உறைந்துவிட்டது. மாதையன் என் காதருகே வந்து மரியாதையாகக் கேட்டார். "பாஸ்டருக்குச் சொந்தமா லாரி ஓடுதுங்களா தம்பி?"

ரூபி கறிவேப்பிலைச் செடிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். அவள் தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது.

இனி என் குரல்தான் துணை. எங்கள் கீர்த்தனைகளில் ஒருவர் ஓர் அடியை எடுத்துக் கொடுப்பார், சபை திருப்பிப் பாடும். எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை எடுத்தேன். உயரத்தில் எடுத்தேன். (எவ்வளவு உயரம் என்றால், அடுத்த அடிக்கு நான் கூரைமேல் ஏறியிருக்க வேண்டும்.) முதல் அடியைப் பாடி நிறுத்தினேன். திருப்பிப் பாட யாருமில்லை; அந்த உயரத்துக்குச் சலோமியின் குரல் எட்டவில்லை. கூட்டம் என்னைப் பார்த்தது. குரல் நின்றுவிட்டதல்லவா?

"ஆமென்!"

இரண்டாவது அடி பாடினேன். ஆமென். சரணம் எடுக்கலாம் என்றால் வார்த்தை வரவில்லை. நாற்பது வருஷம் பாடிய பாட்டு. யோசித்துப் பார்த்தால், அதை நான் தனியாகப் பாடியதே இல்லை. நான் மறந்த இடத்தை எப்போதும் பக்கத்து ஆள் பாடியிருக்கிறார். எனக்குத் தெரிந்தது பாதிப் பாட்டு, மீதி சபைக்குத் தெரியும். மறுபடி முதல் அடிக்கே போனேன். மறுபடி ஆமென். மாதையன் இரக்கப்பட்டுத் தாளம் போட்டார். வேகம் கூடியது. அந்த ஒற்றை அடியைச் செக்குமாடு மாதிரி சுற்றிவந்தேன். எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை, அவர்களுக்கும் தெரியவில்லை.

"போதுங்க," என்றாள் சலோமி. பால் பாத்திரத்தோடு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "விடுங்க. அப்பாவுக்கும் இல்ல, வூட்டுக்கும் இல்ல. பூட்டியே கெடக்கட்டும்."

இப்போது யாரும் ஆமென் சொல்லவில்லை.

மாதையன்தான் பேசினார். "உங்க ஆளுங்க யாருமே இல்லீங்களா தம்பி? எங்கள்ல ஒரு கெடா வெட்டுனா பங்காளி அத்தன பேரும் வந்து நிப்பான். பேச்சுவார்த்தை இல்லாதவன்கூட வருவான். பேசாமயே சாப்ட்டுட்டுப் போவான்."

"இருக்காங்கண்ணா," என்றாள் சலோமி. "ஒரு சபையே இருக்குது. இவர் கூப்பிடல."

"ஏம்மா?"

"கவிதை படிக்கறப்ப, மூச்சு வாங்குன எடத்துல ஆமென் சொல்லிட்டாங்களாம்."

அண்ணன் என்னைப் பார்த்தார். முளைக்காத விதையைத் திருப்பிக் கொண்டுவருகிறவர் பார்க்கிற பார்வை. "அவ்ளோதானுங்களா?" என்றபடி தக்காளி ஏற்றுகிற பிக்கப் வண்டியின் சாவியை எடுத்தார். "ஏறுங்க. நாங்க கூப்ட்டா நல்லாருக்காது. நீங்கதான் கூப்புடணும்."

முன்னால் பழனியம்மாவும் ரூபியும் ஏறிக்கொண்டார்கள். நான் பின்னால், காலி தக்காளிக் கிரேட்டுகளைப் பிடித்தபடி, பட்டு வேட்டி கொடியாகப் பறக்க, நெடுஞ்சாலையில் நின்றுகொண்டே போனேன். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்து வாழ்த்தினார்கள். வேட்பாளர் என்று நினைத்திருக்கலாம்.

சபையில் அறிவிப்பு நேரம். நான் வாசலில் நின்றதும் பாஸ்டர் நிறுத்தினார். அத்தனை தலைகளும் திரும்பின. வேட்டியில் நசுங்கிய தக்காளி. வழியெல்லாம் கம்பீரமான ஒரு உரையைத் தயாரித்திருந்தேன். வாயில் வந்தது இவ்வளவுதான்: "வூட்டுக்குப் பாட ஆள் வேணும். சலோமி உக்காந்திருக்கா..."

அதற்கு மேல் வரவில்லை. மூச்சு வாங்கினேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து, சலோமி அப்பாவோடு ஞாயிறுதோறும் சேர்ந்து பாடிய எஸ்தர் அக்கா எழுந்தார். "ஆமென்!" என்றார். "கெளம்புங்கடீ!"

பிக்கப்பில் வெள்ளைப் புடவைகள் கிரேட்டுகள்மேல் அமர்ந்தன. பாடகர் குழு நின்றுகொண்டது. பாஸ்டர் என் பக்கத்தில், பைபிளை நெஞ்சோடு அணைத்தபடி. மற்றவர்கள் பைக்கில். பாளையம் டோல்கேட் பக்கம் போகாமல் உள்சாலையில் திரும்பியபோதே பாட்டு ஆரம்பித்துவிட்டது. காலையில் நான் கொன்ற அதே கீர்த்தனை. நான் மூச்சு விட்ட இடத்தில் இன்னொருவர் பாடிக்கொண்டிருந்தார். அவர் விட்ட இடத்தில் நான். பாட்டு மட்டும் மூச்சே விடவில்லை.

வண்டிக்கு முன்னால் பாட்டு வந்து சேர்ந்தது என்று சலோமி பிற்பாடு சொன்னாள். அவள் படியிலிருந்து எழுந்து நின்றிருந்தாள். கதவு திறந்தது. அறை அறையாகப் பாட்டு நுழைந்தது. மாதையன் கோஷ்டி தாளம் போட்டது. எஸ்தர் அக்கா அவள் தோளைப் பிடித்துக்கொள்ள, சலோமி அழுதுகொண்டே அடுப்பைப் பற்ற வைத்தாள்.

பால் பொங்கக் காத்திருந்தபோது பாஸ்டர் என்னிடம் திரும்பினார். "பிரதர், அன்னிக்குக் கவிதை முடிஞ்சிடுச்சுன்னுதான் நெனச்சேன். மன்னிச்சிடுங்க. மிச்சத்தை இப்ப சொல்லுங்களேன்."

சபை காத்திருந்தது. பால்வெளி காத்திருந்தது. அந்த நான்கு பக்கமும் எனக்கு மனப்பாடம். கண்ணை மூடி, குரலை இறக்கி, ஓர் அடி சொன்னேன். அடுத்த அடிக்கு முன், அழகுக்காகச் சற்றே நிறுத்தினேன்.

"ஆமென்!" என்றார்கள் மாதையனும் பழனியம்மாவும் என் வாடிக்கையாளர்களும், நான் சொல்லிக்கொடுத்தபடியே, ஒரே குரலில், கொக்குகள் பறக்க.

சலோமி சிரித்தாள். அவள் அப்பா போன பிறகு அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்ததில் பால் பொங்கி அடுப்பையே அணைத்துவிட்டது. இரண்டாம் முறை பற்றவைத்தோம்.

இப்போது ஞாயிறு காலை பத்துக்கு எங்களைத் தேடாதீர்கள், வீடு பூட்டியிருக்கும். கடையில் நான் பேச்சைக் கொஞ்சம் நீட்டினால் மாதையன் அண்ணன் ஆமென் போட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார். செல்வம்கூட இப்போதெல்லாம் போனை எடுத்ததும் முதலில் அதைத்தான் சொல்கிறான். அந்தக் கவிதை மட்டும் இன்றுவரை நல்லம்பள்ளி வந்து சேரவில்லை.

கிறிஸ்தவனுக்குச் சபை வேண்டுமா என்று யாராவது கேட்டால் எனக்கு இப்போது தெளிவான பதில் உண்டு. அதை விரிவாகவே சொல்ல நினைக்கிறேன். சபை என்பது என்னவென்றால்...

"ஆமென்," என்கிறாள் சலோமி, அடுப்படியிலிருந்து. "தோசை ஆறுது, வாங்க."