தனபாக்கியத்தின் ஆள்காட்டி விரல்

நெடுங்காவல் நாட்டில் மன்னரின் முகம் பொறித்த தகரத் தட்டில்தான் எல்லோரும் சாப்பிட வேண்டும். அந்தத் தட்டுகளைத் தயாரிக்கும் அரசு ஆலையில் பிரஸ் மெஷின் ஓட்டியவள் தனபாக்கியம். மெஷினின் முன்னால் கை உள்ளே போகாதபடி ஒரு கம்பித் தடுப்பு இருந்தது. அதனால் தட்டுக்கு இரண்டு நொடி வீணாகிறது என்று மன்னர் சொன்னதும் அதைக் கழற்றிவிட்டார்கள். மூன்றாம் நாள் முற்பகலில் அவளுடைய வலது ஆள்காட்டி விரல் துண்டானது.

“ஐயோ, மெஷினை நிறுத்துங்க!” என்று பக்கத்து மெஷினிலிருந்து சாலாட்சி அலறினாள். யாரும் நிறுத்தவில்லை. அவளே முந்தானையைக் கிழித்துக் கட்டுப்போட்டாள்.

மறுநாள் தொழில் மந்திரி வந்தார். தனபாக்கியத்தின் கையை அவர் பார்க்கவில்லை. கண்ணாடிப் புட்டியில் மிதந்த விரலை வணங்கினார்.

“நமது நாட்டில் விபத்து என்பதே கிடையாது. இவ்விரல் தானாகவே நாட்டுப்பணிக்கு முன்வந்துள்ளது.”

“அது என் விரலுங்க. புதைக்கவாவது குடுத்துடுங்க.”

“ஆலைக்குள் விழுவதெல்லாம் அரசின் உடைமை, அம்மா.”

வருகைப் பதிவுக்கும் ரேஷனுக்கும் அந்த விரலின் ரேகைதான் வேண்டும். ஆகவே புட்டி தினமும் வேலைக்கு வந்தது, அரிசியும் வாங்கியது. தனபாக்கியம் வேலைக்கு வராதவள் ஆனாள். சாலாட்சி தன் சோற்றில் பாதியைக் கொடுத்தாள். இல்லாத விரல் சில்லென்று நனைந்தபடி இருப்பதாகத் தனபாக்கியம் சொன்னபோது, சாலாட்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தேர்தலன்று காலை, யாரோ அந்த விரலைத் துடைத்து எதிலோ அழுத்துவதுபோல் இருந்தது. தனபாக்கியம் வாக்குச்சாவடிக்கு விரைந்தாள்.

“உங்க ஓட்டு விழுந்தாச்சேம்மா,” என்றார் அலுவலர்.

“நான் இப்பத்தான வர்றேன்?”

“விரல் வந்துச்சே.”

அவள் இடது கையை நீட்டினாள். “இதுவும் என் விரல்தான். இதுல மை வைங்க.”

அவர் பட்டியலை நிதானமாகப் புரட்டினார். “இது இன்னும் நாட்டுப்பணிக்கு வரலையேம்மா.”

பிறகு வாசலைப் பார்த்துக் கூப்பிட்டார். “அடுத்து, சாலாட்சி.”

வாசலில் யாரும் இல்லை. காவலன் ஒருவன் புதுப் புட்டியை ஏந்தி வந்தான். அதில் நீர் இன்னும் சிவப்பாக இருந்தது.

தனபாக்கியம் ஆலையை நோக்கி ஓடினாள். உள்ளே மெஷின்கள் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன.