வெனான்சியோவின் நண்பர்

நண்பருக்காகக் கேட்க வருகிறவர் என்று ஓர் இனம் உண்டு. பெரு நாட்டின் தராபோத்தோவில் எந்த மருந்துக்கடையிலும் இவரைப் பார்க்கலாம். மற்றவர்கள் போகும்வரை இருமல் மருந்து அட்டையை எழுத்துக்கூட்டிப் படிப்பார். கடை காலியானதும் மேசைமேல் சாய்ந்து, தெருவை ஒருமுறை பார்த்துவிட்டு, "எனக்கில்ல, ஒரு நண்பருக்கு" என்பார். பாவம் அந்த நண்பர். அவருக்குப் பெயர் கிடையாது, வீடு கிடையாது, கடைவரை நடந்துவரக் காலும் கிடையாது. நோய் மட்டும் உண்டு.

ஆட்டோ ஓட்டும் வெனான்சியோ இந்த இனத்தில் முதல் தரம். அவர் போன மருந்துக்கடையை நடத்தும் நெரெய்டா அவருடைய மூத்த மகளுக்கு ஞானத்தாய். வேறு கடைக்குப் போயிருக்கலாமே என்பீர்கள். அந்தத் தெருவின் மற்ற இரண்டு கடைக்காரர்களும் தினமும் அவர் வண்டியில்தான் வீட்டுக்குப் போகிறார்கள்!

ஜூன் மாதம் சான் ஹுவான் திருவிழாவுக்கு அவர் யூரிமாகுவாஸ் ஊருக்குத் தனியாகப் போனார். திரும்பி வந்த மூன்றாம் வாரம், காட்டக்கூடாத இடத்தில் ஒரு புண். இந்த ஊரில் கத்தி வெட்டினாலும் பல் பிடுங்கினாலும் தடவும் சிவப்பு மரப்பாலை அதற்கும் தடவினார். ஒரு மாதத்தில் புண் போயே போய்விட்டது. சும்மா இருந்தாரா? நண்பருக்குக் குணமான வைத்தியம் என்று ஆட்டோ நிறுத்தத்தில் இருந்த ஓட்டுநர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டார்.

இப்போது, இந்தப் புழுக்கத்தில், கையுறை போட்டு வண்டி ஓட்டுகிறார். அந்தக் கையுறையோடுதான் கடைக்கு வந்து, நண்பரின் கதையைச் சொன்னார்.

"அந்தப் புண்ணு நண்பருக்கு வலிச்சுதா?" என்று கேட்டாள் நெரெய்டா.

"வலிக்கவே இல்லக்கா. அதான் அவரும் பெருசா எடுத்துக்கல."

"வலிக்காத புண்ணுக்குத்தான் பயப்படணும். அது மரப்பால் தடவினாலும் ஆறும், கோழிச்சாறு தடவினாலும் ஆறும், சும்மா விட்டாலும் ஆறும். ஆறினது தோலு. நோய் ரத்தத்துக்குள்ள போயிடுச்சு. இது சிஃபிலிஸ் மாதிரி இருக்கு, படுக்கையில ஒட்டிக்கிற நோய். உள்ளங்கையில, பாதத்துல செவப்பா புள்ளி இருக்குமே, அரிப்பில்லாம?"

வெனான்சியோவின் கைகள் முதுகுக்குப் பின்னால் போயின. "அது... வண்டிக் கைப்பிடி உராய்ஞ்சு வந்தது."

"உங்க நண்பர் பாதத்தாலயும் கைப்பிடியைப் பிடிப்பாரா?"

வெனான்சியோ ஒரு காலை இன்னொரு காலுக்குப் பின்னால் ஒளித்தார்.

"அந்தப் புள்ளியும் தானா மறையும். அப்பறம் வருஷக்கணக்கா சத்தமே இருக்காது. ஒருநாள் கண்ணையோ இதயத்தையோ மூளையையோ பிடிச்சுக்கும். அது கிடக்கட்டும். நண்பரோட பெண்டாட்டி மாசமா இருக்காங்களா?"

"ஆறு மாசம். மூணாம் மாசம் ரத்தம் பாத்தப்போ ஒண்ணுமில்லன்னாங்களே!"

"ரத்தம் பாத்தப்போ உங்க நண்பர் இன்னும் திருவிழாவுக்குப் போயிருக்கல."

வெனான்சியோ கையுறையைக் கழற்றினார். விரலுக்கு விரல் இழுத்து, மெதுவாக.

"பிள்ளைக்கு ஏதாவது ஆகுமாக்கா?"

"விட்டா வயித்துலயே செத்தாலும் சாகும். நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் சுகாதார நிலையத்துக்குப் போங்க. ரத்தம் பாத்து வாரத்துக்கு ஒண்ணா பென்சிலின் ஊசி போடுவாங்க. இப்பப் போனா பிள்ளையைக் காப்பாத்திடலாம். அவங்க சரின்னு சொல்றவரைக்கும் தனித்தனியாப் படுங்க."

"சுலேமாகிட்ட என்னன்னு சொல்றது? நண்பர்..."

"நண்பர் வந்து சொல்லமாட்டாரு தம்பி. நீதான் சொல்லணும்."

சொன்னார். மனைவி சுலேமா அன்று சமைக்கவில்லை. ஆனால் மறுநாள் காலை அவருக்கு முன்பே வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

ரத்தம் இருவருக்கும் ஒரே செய்தியைத்தான் சொன்னது: நோய் உண்டு. ஊசி போட்டுக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி வெளியே வந்தவரிடம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு முதன்முதலாக வாய் திறந்தாள் சுலேமா.

"உன் நண்பருக்கு வலிச்சுதா?"

"ரொம்ப."

"நல்லா வலிக்கட்டும். அடுத்த வாரமும் கூட்டிட்டு வா."

நல்ல வேளை, வாசகரே, நீங்கள் இந்த இனம் இல்லை. இவ்வளவு தூரம் படித்ததுகூட ஒரு நண்பருக்காகத்தான் என்று எனக்குத் தெரியும். நடுவில் ஒருமுறை உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டீர்களே, அதுவும் அவருக்காகத்தானே?